சோகம் உடம்பில் எங்கே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோகம் சோகம்தானே, அதில் என்ன வகை?

சாவு வீட்டில் அழுகிறவர் ஒருவர். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காரணமே தெரியாமல் அழுகிறவர் ஒருவர். கடலுக்குப் போன மகன் திரும்பாமல் வருடக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர். வேலை, வீடு, குடும்பம் எல்லாம் இருந்தும் காலையில் படுக்கையை விட்டு எழ முடியாதவர் இன்னொருவர். நாலு பேருக்கும் நாம் சொல்வது ஒன்றுதான்: "மனசைத் தளர விடாதீங்க, கோயிலுக்குப் போயிட்டு வாங்க." முதலாமவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். இரண்டாமவருக்குச் சில நாட்களில் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். மூன்றாமவருக்கு எரிச்சல்தான் வரும். நாலாமவருக்கோ, கோயிலுக்குப் போயும் சரியாகவில்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

காரணம் எவ்வளவு பெரியது என்று பார்த்துத்தான் நாம் சோகத்தை எடை போடுகிறோம். "இதுக்குப் போயா?" என்ற கேள்வி அங்கிருந்து வருவதுதான். என்னைக் கேட்டால், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். அது உடம்பில் எப்படித் தங்கியிருக்கிறது, நாளாக ஆக நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அழுகை வரும்போது தொண்டை அடைக்கிறது, நெஞ்சு கனக்கிறது. உண்மையிலேயே அங்கே ஏதாவது நடக்கிறதா, நினைப்பு மட்டும்தானா?

உண்மையிலேயே நடக்கிறது. உணர்ச்சி பொங்கும்போது நிறைய காற்றை உள்ளே இழுப்பதற்காக உடம்பு குரல்வளையின் வாயைத் திறந்து வைக்கப் பார்க்கிறது. அதே நேரத்தில் நாம் அழுகையை விழுங்கப் பார்க்கிறோம். விழுங்க வேண்டுமென்றால் அந்த வாய் மூட வேண்டும். இரண்டு வேலையும் மோதும் இடத்தில்தான் தொண்டையில் உருண்டை நிற்பது போல இருக்கிறது. சோறு இறங்காததற்குக் காரணம், ஆபத்துக் காலத்துக்கான நரம்புகள் விழித்திருக்கும்போது செரிமானத்தை உடம்பு ஓரங்கட்டிவிடுவது. நெஞ்சுக் கனத்தில் பாதி, மூச்சு மேலோட்டமாகி மார்புத் தசைகள் இறுகிப்போவதால் வருவது.

கார்டிசால், அட்ரினலின் என்ற இரண்டு சுரப்புகளும் இந்த நேரத்தில் ஏறி நிற்கின்றன. சில மணி நேரத்துக்கு என்றால் பரவாயில்லை. வாரக்கணக்கில் நின்றால் தூக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கலைக்கும். துக்கம் நடந்த வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது இருந்தால், மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா என்று ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் மறக்கிற விஷயம் இது.

நோய் எதிர்ப்பு சக்தியும் தளரும். 1977-இல் ஆஸ்திரேலியாவில் துணையை இழந்த 26 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். இழப்புக்குச் சில வாரங்கள் கழித்து, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாக வேலை செய்தது தெரிந்தது. காரியம் முடிந்த கையோடு சளி, காய்ச்சல் என்று படுப்பவர்களை நம் வீடுகளிலும் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அலைச்சலும் பட்டினியும் தூக்கமின்மையும் அதில் பங்கு வகிக்கும்.

"அவர் போன துக்கத்துல இவளும் போயிட்டா" என்பார்களே, துக்கத்தில் உயிர் போகுமா?

அரிதாகப் போகும். இதைப் பெரியவர்களின் பேச்சு என்று தள்ள முடியாது. 1969-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தது. முதல் 6 மாதத்தில் அவர்களிடையே இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களைவிட 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதில் முன்னே நின்றது இதய நோய். 2012-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. மாரடைப்பு வந்து பிழைத்த 1,985 பேரைக் கேட்டுப் பார்த்ததில், நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, சாதாரண நாளைவிட ஏறக்குறைய 21 மடங்கு இருந்தது. மடங்கைப் பார்த்து மிரள வேண்டாம். சாதாரண நாளில் அந்த வாய்ப்பு மிகச் சிறியது, அதன் 21 மடங்கும் சிறியதுதான். ஆனால் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் என்றால் கணக்கு வேறு.

இதைத் தவிர, மாரடைப்பு போலவே வந்து மாரடைப்பாக இல்லாத ஒன்றும் உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். பெயர் டக்கோட்சுபோ. அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு அந்தப் பெயர். கழுத்து குறுகி அடி உப்பிய பானை, ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறை அப்படித்தான் தெரிகிறது. நெஞ்சு வலி இருக்கும், மூச்சு வாங்கும், ஈசிஜி மாறியிருக்கும், ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பு என்றே சொல்லும். ஆஞ்சியோ செய்து பார்த்தால் அடைப்பு இருக்காது. திடீரென்று பாய்ந்த அட்ரினலின் போன்ற சுரப்புகளின் வேகத்தில் இதயத் தசை தற்காலிகமாகத் திகைத்து நின்றுபோவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். பாதிக்கப்படுபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்ற வயதினர். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிடும். சிலருக்கு முதல் சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாகிறது.

ஆகவே, சாவு வீட்டில் ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "அழுது அழுது அப்படி இருக்கும், கொஞ்சம் சோடா குடுங்க" என்று விட்டுவிடக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். சோகமா, அடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்துச் சொல்ல டாக்டராலும் முடியாது.

அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவர் கூப்பிடுவது கேட்கிறது, பீடி வாசனை வருகிறது என்கிறார் அம்மா. மனநோயா, ஆவியா?

அநேகமாக இரண்டுமில்லை. 1971-இல் வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற கிராமத்து டாக்டர், துணையை இழந்த 293 பேரிடம் பேசினார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இறந்தவர் பக்கத்தில் இருப்பது போன்ற உணர்வோ, குரலோ, உருவமோ தெரிந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. நாற்பது வருடம் ஒரு குரலுக்குப் பழகிய மூளை, அந்தக் குரலை எதிர்பார்ப்பதை ஒரே நாளில் நிறுத்திவிடாது.

"ஆவி சுத்துது" என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதும் வேண்டாம், "உளறாதே" என்று அடக்குவதும் வேண்டாம். என்ன கேட்டது என்று விசாரித்தால் போதும், பேசுவார். அந்தக் குரல் "நீயும் வா" என்று அழைக்கிறது, திட்டுகிறது, ஏதாவது செய்யச் சொல்கிறது என்றால் மட்டும் உடனே மனநல மருத்துவரிடம் போங்கள்.

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டாமே?

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் சொன்னது. அவர் அதைச் சொன்னது, குணமாகாத நோயோடு சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு. இழந்தவர்களுக்கு அதை நீட்டிப் பொருத்தியது பிறகுதான். படி ஏறுவது போல யாரும் வரிசையாகப் போவதில்லை. "எனக்கு இன்னும் கோபமே வரலையே" என்று கவலைப்படவும் தேவையில்லை.

1999-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபே, ஷுட் இருவரும் வைத்த விளக்கம் எனக்கு உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும், அடுத்து வாழ வேண்டிய வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருகிறார். காலையில் போட்டோவைப் பார்த்து அழுவார், மதியம் பேங்க் புத்தகத்தில் பெயர் மாற்ற வரிசையில் நிற்பார், அங்கே பழைய தோழியைப் பார்த்துச் சிரித்துக்கூடப் பேசுவார். உடனே ஊர் பேசும்: "பாரு, அதுக்குள்ள சிரிக்கிறா." அந்தச் சிரிப்பு இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

எத்தனை நாள் துக்கம் சரியான அளவு?

சடங்குகள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. பலருக்குப் பதினாறாம் நாள் கருமாதி, யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாள் அந்தியேட்டி, கணவனை இழந்த இஸ்லாமியப் பெண்களுக்கு 4 மாதம் 10 நாள் இத்தா, அப்புறம் வருடத் திதி. மருத்துவமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் "நீடித்த துக்கம்" தனிப் பெயரோடு இடம்பெற்றது. குறைந்தது 6 மாதம் கடந்தும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியும், ஏக்கம் துளியும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போட்டிருந்தால்தான் அந்தப் பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் பட்டியல் பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது.

வருடம் கழித்தும் திதியன்று அழுவது இதில் சேராது. தீபாவளிக்கு அவருக்கும் ஒரு வேட்டி எடுத்து வைப்பது சேராது. அறையை அப்படியே பூட்டி வைத்து, அவர் பெயரைச் சொன்னாலே நடுங்கி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக்கூடக் கவனிக்க முடியாமல் ஒரு வருடம் ஓடியிருந்தால் உதவி தேட வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கும், விபத்தில், தற்கொலையில் திடீரென்று இழந்தவர்களுக்கும் துக்கம் இப்படி உறைந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

அழவே இல்லை என்றால் ஆபத்தா?

இல்லை. அழுகை ஒரு வழி, ஒரே வழி அல்ல. "ஒரு பாட்டம் அழுதிடு" என்று உலுக்குவதால் நன்மை எதுவும் இல்லை.

துக்கத்தையும் மனச்சோர்வையும் எப்படிப் பிரித்து அறிவது? இரண்டிலும் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, அழுகைதானே?

வெளியே பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே வேறு. துக்கம் அலையாக வரும்: ஒரு பாட்டு, ஒரு சட்டை, ஒரு பண்டிகை கிளப்பிவிடும், பிறகு அடங்கும். நடு நடுவே பேரனின் சேட்டை ரசிக்கும், பசி எடுக்கும். நாட்கள் போகப் போக இடைவெளி கூடும். மனச்சோர்வு அப்படி அடங்காது. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும் ஒரே கனமாக இருக்கும். பிடித்த குழம்பும் ருசிக்காது, பிடித்தவர் வந்தாலும் மலராது. பலருக்கு அழுகைகூட வராது. "மரத்துப் போயிட்டேன்" என்பார்கள்.

தூக்கத்திலும் ஓர் அடையாளம் உண்டு. துக்கத்தில் படுத்ததும் தூக்கம் வராது, நினைவுகள் ஓடும். கடுமையான மனச்சோர்வில் தூங்கிவிடுவார்கள், ஆனால் விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே விழிப்பு தட்டும், அப்புறம் தூக்கம் கிடையாது. காலையில் மனது அடிமட்டத்தில் இருந்து, மாலையில் கொஞ்சம் இலேசாகும். நடை, பேச்சு, யோசனை எல்லாமே மெதுவாகும். ஞாபக மறதி வந்துவிட்டது என்று வயதானவர்களைக் கூட்டிவந்து, கடைசியில் அது மனச்சோர்வு என்று தெரிவதும் உண்டு.

இன்னொன்று, தன்னைப் பற்றிய எண்ணம். துக்கத்தில் உலகம் வெறிச்சோடிப் போகிறது, மனச்சோர்வில் தானே வெறுமையாகிப் போகிறார் என்று 1917-இலேயே ஃபிராய்டு எழுதினார். அவருடைய பல கருத்துகள் காலாவதியாகிவிட்டாலும் இது இன்றும் நிற்கிறது. "அவர் இல்லாம என்ன வாழ்க்கை" என்பது துக்கம். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம், எல்லாருக்கும் பாரம்" என்பது மனச்சோர்வு. துக்கத்தில் தொடங்கி மனச்சோர்வில் போய் முடிபவர்களும் உண்டு. அதனால் "வீட்டில் சாவு, அதான் இப்படி" என்று மாதக்கணக்கில் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

எனக்குச் சோகமே இல்லை. உடம்பு வலி, அசதி, தலைபாரம், நெஞ்செரிச்சல்தான். எல்லா டெஸ்ட்டும் நார்மல். டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். என்னைப் பைத்தியம் என்கிறாரா?

இல்லை. நம் ஊரில் மனச்சோர்வு ஓபி சீட்டில் இப்படித்தான் ஏறுகிறது. "மனசு சரியில்லை" என்று டாக்டரிடம் சொல்லும் பழக்கம் நமக்குக் குறைவு, வலியைச் சொல்வது எளிது. அந்த வலி நடிப்பில்லை. வலியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகளும் மனநிலையைக் கவனிக்கும் பாதைகளும் செரடோனின், நார்அட்ரினலின் என்ற அதே ரசாயனங்களைத்தான் நம்பியிருக்கின்றன. அதில் குறை ஏற்பட்டால் சாதாரண முதுகுவலியும் பெரிதாகத் தெரியும்.

எதிர்த்திசையும் உண்மை. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு மூன்றும் அப்படியே மனச்சோர்வு போல வேடம் போடும். சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும், நெடுநாள் மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பி12 குறைய வாய்ப்பு உண்டு. ரத்தப் பரிசோதனை செய்யாமலே "டென்ஷன்தாம்மா" என்று சொல்லி அனுப்பினால், பரிசோதனை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பிரசவமான மகள் எதற்கெடுத்தாலும் அழுகிறாள். "பச்ச உடம்புக்காரி அழக் கூடாது" என்கிறார் மாமியார்.

எத்தனையாவது நாள் என்று பாருங்கள். இரண்டு, மூன்றாம் நாளில் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அடங்கும் அழுகை, பிரசவித்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வருவதுதான். பிரசவத்தோடு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும் சடாரென்று இறங்குகின்றன, தூக்கமும் இல்லை. துணை இருந்தால் போதும், மருந்து வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, குழந்தையைப் பார்த்தாலே பயமோ வெறுமையோ வருகிறது, குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கமில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கணக்கில் இது 22 சதவீதம், அதாவது ஐந்து தாய்மார்களில் ஒருவருக்கும் சற்று மேல். பெண் குழந்தை பிறந்ததற்காக முகத்தைச் சுளிக்கும் வீடுகளும் குடிக்கும் கணவன்மாரும் இதற்குச் செய்யும் பங்கு சிறிதல்ல. பாலூட்டும்போதும் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது இன்னொன்று: பிரசவத்துக்குப் பின்னான கடும் மனநோய். முதல் இரண்டு வாரத்துக்குள் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது.

இறந்தாரா, இருக்கிறாரா என்றே தெரியாதவர்களுக்காக எப்படித் துக்கப்படுவது?

இந்தப் பட்டியலிலேயே கொடுமையானது இதுதான். அமெரிக்கக் குடும்ப ஆலோசகர் பாலின் பாஸ் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு பணியாற்றும்போது இதைத் தனியாக அடையாளம் கண்டார். உடல் கிடைக்கவில்லை, சடங்கு இல்லை, முடிவும் இல்லை. நம்பிக்கை வைத்தால் வாழ்க்கை நகராது. நம்பிக்கையை விட்டால், தானே அவரைக் கொன்றுவிட்டது போல இருக்கும்.

தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இலங்கையில் 2009-இல் போர் முடிந்தது. கைப்பிடித்துக் கொண்டுபோய் ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று கேட்டு, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் 2017 பிப்ரவரியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பதில் தெரியாமலே பலர் இறந்துபோனார்கள். இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, காணவில்லை என்று மட்டும் சான்று தரும் ஏற்பாட்டை இலங்கை 2016-இல் கொண்டுவந்தது. பிள்ளை செத்துவிட்டான் என்று கையெழுத்துப் போட மறுத்த தாய்மாருக்கு அந்த வித்தியாசம் பெரியது. 2017 ஒக்கிப் புயலில் கடலோடு போன கன்னியாகுமரி மீனவர்களின் வீடுகளும் இதே நிலையில் நின்றன. இந்தியச் சட்டத்தில் பொதுவாக, ஏழு வருடம் தகவல் இல்லாதிருந்தால்தான் ஒருவரை இறந்தவராகக் கொள்ள முடியும்.

முடிவு தெரியாத நிலையில் உடம்பு காவலுக்கு நிற்பது போல விழித்தே இருக்கும். கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடும், போன் அடித்தால் படபடக்கும், தூக்கம் ஆழமாகாது. "ஏத்துக்கிட்டு அடுத்த வேலையைப் பாருங்க" என்பது இவர்களுக்குச் சொல்லக் கூடாத வார்த்தை. பாஸ் சொல்வது வேறு: அவர் இல்லாமலும் இருக்கலாம், வரவும் கூடும் என்ற இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டே சமைக்கவும், பிள்ளையைக் கட்டிக்கொடுக்கவும் பழகுவது. தனியாக அறையில் உட்கார்ந்து பெறும் ஆலோசனையைவிட, அதே நிலையில் உள்ள குடும்பங்கள் ஒன்றாக உட்காருவது இதில் நன்றாக வேலை செய்கிறது. அந்தத் தாய்மார் போராட்டப் பந்தலில் செய்ததில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

கரு கலைந்தது, காதல் முறிந்தது, வளர்த்த நாய் செத்தது. இதெல்லாம் சோகத்தில் சேர்த்தியா?

சேர்த்திதான். இவற்றுக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டார்கள், லீவும் கிடைக்காது. அழ இடமில்லாத சோகம் தலைவலியாகவும் வயிற்றுக் கோளாறாகவும் மாறித் தெரியவரலாம். துக்க ஆய்வாளர் கெனத் டோகா 1989-இல் இவற்றை ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று தனியாக வகைப்படுத்தினார். நாலு மாதக் கருவை இழந்தவரிடம் "சின்ன வயசுதானே, அடுத்தது பெத்துக்கலாம்" என்று சொல்லாமல் இருப்பதே பாதி உதவி.

மாத்திரை எடுத்தால் அடிமையாகிவிடுவோமா?

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதை தருவதில்லை. வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வந்து நிறுத்திவிடுபவர்களும் உண்டு. நன்றாக இருக்கிறது என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். பொதுவாகக் குணமான பிறகும் சுமார் 6 மாதம் தொடர்ந்து, பிறகு டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். பயப்பட வேண்டியது வேறு மாத்திரைக்கு. சாவு வீட்டில் "நல்லா தூங்கட்டும்" என்று மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கிறார்களே, அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள், அவைதான் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக் கூடியவை.

எல்லாருக்கும் மாத்திரை தேவையில்லை. சாதாரண துக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வு உள்ளவர்களிடம், டாக்டர் அல்லாத பயிற்சி பெற்ற ஆட்கள் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். பேச்சின் சாரம் எளியது: மனது சரியான பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், பிடித்த சிறு வேலைகளைத் திட்டமிட்டு இப்போதே செய்வது. 2017-இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அப்படிப் பேசப்பட்டவர்களில் 64 சதவீதம் பேர் குணமானார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம்.

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்கிறார். கேட்டால் தூண்டிவிட்டது போல ஆகிவிடாதா?

ஆகாது. நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" கேட்டால் பாரம் இறங்கும். வழியும் யோசித்து வைத்திருந்தால் தனியே விடாதீர்கள், வீட்டில் உள்ள பூச்சிமருந்து, சாணிப்பவுடர், மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள், உடனே அழைத்துப் போங்கள். இந்தியாவில் 14416 (டெலி மானஸ்) இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இலங்கையில் 1926 என்ற எண். முயற்சி நடந்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமே என்று மறைக்க வேண்டாம். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

துக்கம் விசாரிக்கப் போகிறேன். என்ன பேசுவது?

பேச்சைவிட வேலை நல்லது. "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். "நாளைக்கு ராத்திரி இட்லி நான் கொண்டு வரேன், பையனை ஸ்கூலுக்கு நான் விடறேன்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பதினாறு நாளும் வீடு நிறைய ஆள் இருக்கும், அதற்கப்புறம் ஒருவரும் வர மாட்டார்கள். நீங்கள் இருபதாம் நாள் போங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசலாம், ஞாபகப்படுத்திவிடுவோமோ என்ற தயக்கம் வேண்டாம்.